பாதையில்லாத மலையில் யாருடைய காலடி?

"பாதை இல்லை" என்பது நம்மிடம் ஒரு மனு. கையெழுத்து வாங்கி, கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று கொடுக்க வேண்டிய மனு. ஸ்காட்லாந்துத் தீவுகளில் மலையேறப் போகிறவர்களிடம் அதே இரண்டு சொற்கள் பாராட்டாக இருக்கின்றன. பாதை இல்லை, ஆள் இல்லை, கடையில்லை, சத்தமில்லை. ஆகவே வாருங்கள் என்கிறார்கள். ஓர் இல்லாமை ஓரிடத்தில் குறையாகவும் இன்னோரிடத்தில் பெருமையாகவும் இருக்கிறது என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும். என்ன நடந்தது என்று கேட்பதற்காகவே ஒரு சின்ன மலை மேல் ஏறிப் பார்க்கலாம்.

மலையின் பெயர் பெய்ன் க்ரேகஹ். கேலிக் மொழியில் பாறை மலை என்று அர்த்தம். உயரம் 313 மீட்டர்தான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் மல் என்ற பெரிய தீவை ஒட்டிக்கொண்டு உல்வா என்று ஒரு தீவு இருக்கிறது. சுமார் 12 கிலோமீட்டர் நீளம். அந்தத் தீவின் உச்சி இது. கயிறு கட்டி ஏறுகிற மலையில்லை. சாதாரண ஆள் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டை உச்சியில் உட்கார்ந்து சாப்பிடலாம். உச்சிக்குப் போட்ட பாதை மட்டும் கிடையாது.

கேள்வி இதுதான்: ஆளில்லாத இடத்தில் நடந்து நாம் அடைகிற சந்தோஷத்துக்கு விலை கொடுத்தது யார்? அந்த விலை தெரிந்த பிறகும் அந்தச் சந்தோஷத்துக்கு நியாயம் உண்டா?

1

மல் தீவின் கரையில் ஒரு பலகை இருக்கிறது. அதன் மூடியை நகர்த்தினால் உள்ளே சிவப்பு தெரியும். எதிர்க்கரையில் இருக்கும் படகுக்காரர் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுப் படகை எடுத்துக்கொண்டு வருவார். இரண்டு மூன்று நிமிஷத்துக் கடல். இறங்கினால் காரில்லை, தார் ரோடில்லை. தீவுக்குக் குறுக்கே ஒரு மண்தடம் போகிறது. அதை விட்டு விலகி மேலே திரும்பினால் அதற்கப்புறம் காலே வழி.

பாதையில்லாமல் நடந்து பார்த்தால்தான் பாதை என்றால் என்னவென்று தெரிகிறது. பாதையில் நடக்கும்போது தீர்மானங்களை யாரோ முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். கால் சும்மா பின்னால் போகிறது. இங்கே ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தீர்மானம். அந்தப் பச்சை இறுகிய புல்லா, அடியில் தண்ணீர் நிற்கும் சதுப்பா? முட்டு முட்டாக வளர்ந்த புல்லின் தலையில் கால் வைப்பதா, இடுக்கில் வைப்பதா? கோடையில் பெரணிச் செடி இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது. கீழே கல்லா பள்ளமா என்று தெரியாது. எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த கருங்கல் படிகள். ஒரு படி ஏறினால் உச்சி என்று நினைப்போம். அங்கே போனால் பின்னால் இன்னொரு படி. ஆடும் மானும் போட்ட ஒற்றைத் தடங்கள் கொஞ்ச தூரம் உதவும். அப்புறம் அவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். அவற்றுக்கு உச்சியில் என்ன சோலி?

இந்த நடையில் ஒரு பாடம் இருக்கிறது, மறுக்கவில்லை. தலைக்கனம் குறைகிறது. உடம்பும் புத்தியும் ஒன்றாக வேலை செய்கின்றன. உச்சியில் காற்று முகத்தில் அறையும்போது, மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளும் கிழக்கே மல் தீவின் 966 மீட்டர் உயரமுள்ள பென் மோர் மலையும் தெரியும்போது, மனசு லேசாகிறது. அது பொய்யில்லை.

ஆனால் இறங்கும்போது, சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது, தரை வேறு ஒன்றைக் காட்டுகிறது. சரிவில் வரிவரியாக மேடும் பள்ளமும். சீப்பால் வாரியது போல. மனிதக் கை படாமல் மலை அப்படி வாரிக்கொள்ளாது.

2

அந்த வரிகள் பழைய பாத்திகள். கேலிக்கில் அவற்றுக்குப் பெயர் ஃபியன்னாக். மண் ஆழமில்லாத, தண்ணீர் வடியாத பூமியில், இரண்டு பக்கமும் மண்ணை வெட்டி நடுவில் போட்டு மேடாக்கி, கடற்கரையிலிருந்து பாசியை முதுகில் சுமந்து வந்து எருவாகப் பரப்பி, உருளைக்கிழங்கும் தானியமும் விளைய வைத்திருக்கிறார்கள். ஏர் ஓடாத சரிவில் மண்வெட்டியும் முதுகெலும்பும்தான் கருவி. இந்தப் பாத்திக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'சோம்பேறிப் பாத்தி'.

இந்த ஒரு சொல்லில் நிறைய இருக்கிறது. முதுகு ஒடிய உழைத்தவரின் வேலைக்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்கிறவர் யாராக இருக்கும்? பாசியைச் சுமக்காதவராகத்தான் இருக்கும். உழைப்பவரைச் சோம்பேறி என்பதும், அப்புறம் அந்தச் சோம்பேறியிடமிருந்து நிலத்தைக் 'காப்பாற்றுவதும்' எல்லா ஊர் அதிகாரத்துக்கும் தெரிந்த கணக்கு. நம்மளுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெரணி அடர்ந்து கிடக்கிற இடத்துக்கும் ஒரு கதை உண்டு. அது ஆழமான, நீர் தேங்காத மண்ணில் செழித்து வளரும் செடி. இந்தத் தீவுகளில் அப்படிப்பட்ட மண் பல இடங்களில் பழைய விளைநிலம்தான். நடப்பவருக்கு எரிச்சல் தரும் அந்த இடுப்பளவுப் புதர், ஒரு காலத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்ட இடமாக இருக்கலாம்.

3

உல்வாவில் 16 சிற்றூர்கள் இருந்ததாகக் கணக்கு. தெற்குக் கரையில் ஓர்மைக், க்ராக்கைக் என்று இரண்டு ஊர்களின் சுவர்கள் கூரையில்லாமல் இன்னும் நிற்கின்றன.

அவர்கள் ஏன் போனார்கள்? கடற்பாசியில் ஆரம்பிக்க வேண்டும். பாசியைக் காயவைத்து எரித்தால் கிடைக்கும் சாம்பல் கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டியிருந்தது. நெப்போலியன் போர்க் காலத்தில் ஸ்பெயின் சரக்கு தடைபட்டது. இந்தச் சாம்பலின் விலை ஏறியது. அப்போது நிலச்சுவான்தார்களுக்குக் கைகள் தேவைப்பட்டன. ஜனங்களைக் கடலோரத்துத் துண்டு நிலங்களில் நெருக்கி வைத்தார்கள். 1815ல் போர் முடிந்தது. விலை விழுந்தது. நேற்றுவரை கைகளாக இருந்தவர்கள் இன்று வாய்களாகிப் போனார்கள். கை வேண்டும், வாய் வேண்டாம் என்பதுதானே முதலாளியின் கணக்கு.

1835ல் ஃபிரான்சிஸ் வில்லியம் கிளார்க் என்ற வழக்கறிஞர் தீவை விலைக்கு வாங்கினார். 1846ல் உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்தது. அதற்கடுத்த சில வருஷங்களில், 1851க்குள், சுமார் 500 பேர் இருந்த தீவில் சுமார் 150 பேர்தான் மிஞ்சினார்கள். ஆள் இருந்த இடத்தில் ஆட்டுமந்தை வந்தது. கூரைக்குத் தீ வைத்து வெளியேற்றினார்கள் என்று அந்தப் பக்கத்து ஊர் நினைவு சொல்கிறது. நடக்க முடியாத கிழடு கட்டைகளைக் கொண்டுபோய் வைத்த வீட்டு வரிசைக்குப் 'பட்டினி வரிசை' என்று பேர். பேர் வைத்தவர்கள் இந்த முறை உள்ளூர் ஜனங்கள்.

குத்தகைக்காரரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்ற சட்டம் 1886ல்தான் வந்தது. அதுவும் தானாக வரவில்லை. 1882ல் ஸ்கை தீவில் பிரேஸ் என்ற இடத்தில் ஆணும் பெண்ணும் கல்லும் தடியுமாகப் போலீசோடு மோதினார்கள். அதன் பின்னால் விசாரணைக் கமிஷன், அதன் பின்னால் சட்டம். உல்வாவுக்கு அது லேட். சட்டம் வரும்போது காப்பாற்ற அங்கே அனேகமாக ஆளில்லை.

தமிழில் 'வழி' என்ற சொல்லுக்கு நடக்கும் தடம் என்றும் அர்த்தம், பரம்பரை என்றும் அர்த்தம். வழிவழியாக என்கிறோம். ஒரு தடம் தடமாக இருப்பதற்கு ஒரு தலைமுறையின் கால் போதாது; அடுத்த தலைமுறையும் அதே இடத்தில் கால் வைக்க வேண்டும். பால் கறக்கப் போன பொம்பளை, கரி மண் வெட்டப் போன ஆம்பளை, மாட்டைத் தேடிப் போன பிள்ளை, இவர்களின் கால்தான் பாதை. வழி அற்றுப்போனால் வழி அழிந்துபோகும். பாதையில்லாத மலை என்று நாம் கொண்டாடுகிற இடத்தில் இந்த இரண்டு அழிவும் நடந்திருக்கின்றன.

4

இப்படி எழுதினால் அடுத்த ஆபத்து ஒன்று இருக்கிறது. துரத்துவதற்கு முன்னால் அங்கே எல்லாரும் ஒருதாய் பிள்ளைகளாக இருந்தார்கள், குலத்தலைவர் தகப்பன் மாதிரி பார்த்துக்கொண்டார் என்ற கதை. அந்தக் கதையையும் நம்ப வேண்டியதில்லை. 1773ல் சாமுவேல் ஜான்சனும் பாஸ்வெல்லும் உல்வாவில் ஒரு ராத்திரி தங்கினார்கள். குடிகளின் வீட்டில் கல்யாணம் நடந்தால் தலைவருக்கு வரி கட்ட வேண்டும் என்று அவர்களிடம் சொன்னவர் அந்தத் தலைவரே. முன்பு ஓர் ஆடு, பிறகு அது பணமாக மாறியது. அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்தில் கை நீட்டுகிற தகப்பன்! அந்தத் தலைவர் கடனில் மூழ்கி 1777ல் தீவை விற்றார். குடிகளும் நிலத்தோடு கைமாறினார்கள். வாங்கியவன் கெட்டவன், விற்றவன் நல்லவன் என்று பிரிக்க முடியாது.

ஆகவே பழைய பொற்காலத்துக்குத் திரும்புவது நம் கோரிக்கையாக இருக்க முடியாது. கோரிக்கை எளிமையானது. உழைத்த இடத்தில் தங்குகிற உரிமை.

5

நடக்கும் உரிமையைப் பற்றி ஸ்காட்லாந்துக்குப் பாராட்டுச் சொல்லத்தான் வேண்டும். 2003ல் போட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம் 2005 பிப்ரவரியில் இந்த விஷயத்தில் நடைமுறைக்கு வந்தது. நிலம் யாருடையதாக இருந்தாலும், பொறுப்போடு நடந்துகொள்கிற யாரும் அதில் நடக்கலாம், கூடாரம் போட்டுத் தங்கலாம். வீட்டை ஒட்டிய இடமும் பயிர் நிற்கிற வயலும்தான் முக்கியமான விலக்கு. பக்கத்து நாடான இங்கிலாந்தில் 2000ல் வந்த சட்டம் ஏறத்தாழ எட்டு சதவீத நிலத்தில்தான் இப்படித் திரிய விடுகிறது.

பெய்ன் க்ரேகஹ் மேல் ஏறும்போது யாரும் என்னைப் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, 'நீ யாரு வீட்டுப் பிள்ள?' என்று கேட்கவில்லை. செருப்போடு நடந்தேன், நிமிர்ந்து நடந்தேன். இதில் என்ன பெரிசு என்று கேட்கிறவர்களுக்கு இதன் பெரிசு தெரியாது. வழிமறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஆனால் இதே நாட்டில் தனியாருக்குச் சொந்தமான கிராமப்புற நிலத்தில் பாதியை ஐந்நூறுக்கும் குறைவான உரிமையாளர்கள் வைத்திருக்கிறார்கள். கணக்கு இப்படி ஆகிறது: எல்லாரும் எங்கேயும் நடக்கலாம், கொஞ்சம் பேர் மட்டும்தான் யார் தங்கலாம் என்று தீர்மானிப்பார்கள். வந்து போகிறவனுக்குக் கதவு திறந்திருக்கிறது. இருக்க வருகிறவனுக்கு வீடு இல்லை. நடக்கும் உரிமை பெரிய உரிமை. அதை வைத்துக்கொண்டு தங்கும் உரிமை இல்லாததை மறைக்க முடியும் என்பதையும் பார்க்க வேண்டும். பாதையில்லாத மலையில் நடக்கிற சந்தோஷம் அந்த மறைப்புக்கு உதவி செய்துவிடக்கூடாது.

2014ல் ஸ்காட்லாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 42 பகுதிகளை 'வன்னிலம்' என்று வரைபடத்தில் குறித்தது. அப்போது சமூக நில இயக்கத்தினர் ஒரு கேள்வி எழுப்பினார்கள். இவற்றில் ஜனங்களை விரட்டிக் காலியாக்கிய பள்ளத்தாக்குகளும் இருக்கின்றனவே, அவற்றையும் மனிதர் படாத இயற்கை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நியாயமான கேள்வி. முதலில் ஆளைத் துரத்துவது, பிறகு வெறுமையை ரசிப்பது, கடைசியில் அந்த வெறுமைக்கே பாதுகாப்புக் கொடுப்பது. துரத்தியவர் ஒருவர், ரசிப்பவர் இன்னொருவர், பாதுகாப்பவர் மூன்றாமவர். யார் மேலும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்தால் அநியாயம் முழுசாகிவிடுகிறது.

6

இதுவரை பேசியது சுலபமான பகுதி. இனி வருவது கஷ்டமானது.

1762ல் இதே உல்வாவில் லாக்லன் மக்வாரி பிறந்தார். தலைவரின் குலப்பெயர் கொண்டவர். வீட்டில் வசதி இல்லை. தலைவரே தீவை விற்ற காலம். நிலமில்லாத பையன்களுக்கு அன்று இருந்த வழி பட்டாளம். அவரும் போனார். பட்டாளம் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

1795ல் கொச்சியில் அவருக்காக இரண்டு சிறுவர்களை விலைக்கு வாங்கினார்கள். ஆறேழு வயது இருக்கும் என்று அவரே மதிப்பிட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து 170 ரூபாய். ஹெக்டர், ஜார்ஜ் என்று பெயர் வைத்தார். ஒரு பெயர் அவருடைய சொந்த அண்ணன் தம்பி வரிசையிலிருந்து எடுத்தது. புலையரும் செறுமரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட கரை அது. ஐரோப்பியர் வந்து அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சந்தை முன்பே இருந்தது, விற்பவர்கள் இங்கேயே இருந்தார்கள். சட்டம் அந்த அடிமைமுறைக்குத் துணை நிற்பதை நிறுத்த 1843 ஆயிற்று. கொச்சி ராஜ்யம் அதை ஒழிக்க 1854 ஆயிற்று.

ஹெக்டர் பிறகு கல்கத்தாவில் காணாமல் போனான். ஜார்ஜ் கடைசிவரை மக்வாரியின் பணியாளாகக் கூடவே இருந்தான்.

மக்வாரி 1810ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்குக் கவர்னர் ஆனார். 1816 ஏப்ரலில் பூர்வகுடிகள் மேல் பட்டாளத்தை அனுப்பினார். எதிர்ப்பவர்களைக் கொன்றால் உடலை மரத்தில் தொங்கவிட வேண்டும் என்று உத்தரவு. ஏப்பின் என்ற இடத்தில் குறைந்தது 14 பேர் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. சம்பாதித்த பணத்தில் அவர் மல் தீவில் நிலம் வாங்கினார். அங்கேதான் அவர் கல்லறை. 'ஆஸ்திரேலியாவின் தந்தை' என்று அதில் வெட்டியிருக்கிறது.

நிலமிழந்த இடத்தில் பிறந்த ஒருவன் இன்னொரு கண்டத்தில் நிலம் பறிக்கிறான். இதை அவருடைய தனிப்பட்ட குணம் என்று ஒதுக்கிவிட்டால் நாம் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. பட்ட துன்பம் தானாக யாரையும் நியாயவானாக ஆக்காது. துன்பம் ஓர் அறிவைத் தரும். அந்த அறிவை வைத்து 'எனக்கு நடந்தது யாருக்கும் நடக்கக்கூடாது' என்றும் முடிவெடுக்கலாம்; 'அடுத்த முறை நான் சாட்டை பிடிக்கிற பக்கம் நிற்பேன்' என்றும் முடிவெடுக்கலாம். இரண்டாவது முடிவுக்குச் சம்பளம் அதிகம். இது ஸ்காட்லாந்துக்காரருக்கு மட்டுமான பாடம் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே உல்வாவின் இடிந்த சுவருக்காக அழுகிறவர் அதோடு நிறுத்த முடியாது. அந்தத் தீவின் கதையில் கொச்சியின் இரண்டு பிள்ளைகளும் ஏப்பினில் செத்தவர்களும் உண்டு. நமக்குப் பக்கத்தில் இருக்கிற பாதிக்கப்பட்டவரோடு கேள்வியை முடித்துக்கொண்டால், மிச்சம் இருப்பவர்களை இரண்டாம் முறையாகத் துரத்துகிறோம்.

7

கூட ஏறி வந்த நண்பர் கேட்டார்: "ஏன் தோழர், ஒரு மலைய மலையாப் பாக்கவே மாட்டீங்களா?"

கேள்வி லேசானதில்லை. எப்போதும் வரலாற்றைத் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டுமென்றால் மூச்சு வாங்கும். காற்றும் கடலும் வெயிலும் எல்லாருக்கும் உரியவை. சந்தோஷப்பட நம்மவர்களுக்கு உரிமை இல்லை என்று நானே சொன்னால், அது அடக்குகிறவன் சொன்னதை நான் திருப்பிச் சொல்வது போலாகும். துக்கம் மட்டும்தான் நம் அழகியல் என்று எவன் எழுதி வைத்தான்?

நான் சொன்ன பதில்: "மலைய மலையாத்தான் பாக்குறேன். அந்தப் பாத்தியும் மலைதான."

சந்தோஷம் தப்பில்லை. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க ஓர் உரைகல் உண்டு. அந்தத் தீவில் மறுபடி ஜனங்கள் வந்து குடியேறினால், மாடு மேய்த்தால், பிள்ளைகள் அந்தச் சரிவில் ஓடினால், அங்கே தடம் விழும். பாதையில்லாத மலைக்குப் பாதை வந்துவிடும். உங்கள் தனிமை போய்விடும். அதற்குச் சம்மதமா? சம்மதம் என்றால் நீங்கள் நேசிப்பது மலையை. சம்மதமில்லை என்றால் நீங்கள் நேசிப்பது காலியாக்கப்பட்ட நிலையை. அப்போது கிளார்க்குக்கும் உங்களுக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை. அவர் ஆட்டுக்காகக் காலியிடம் கேட்டார், நீங்கள் அமைதிக்காகக் கேட்கிறீர்கள்.

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 2018 ஜூனில் வடமேற்கு மல் பகுதி ஜனங்களின் அமைப்பு ஒன்று உல்வாவை விலைக்கு வாங்கியது. 2003ன் அதே சட்டத்தில் ஊர் ஜனங்கள் கூடி நிலம் வாங்க இருக்கும் பிரிவின் கீழ் அது நடந்தது. பெரும்பகுதிப் பணம், 44 லட்சம் பவுண்டு வரை, அரசு நிதியிலிருந்து வந்தது. மக்வாரியின் பெயரைத் தாங்கிய ஆஸ்திரேலிய வங்கிக் குழுமம் ஐந்து லட்சம் பவுண்டு கொடுத்தது. அந்தப் பெயர் தீவுக்குப் பணமாகத் திரும்பி வந்தது. கொச்சிக்கும் ஏப்பினுக்கும் திரும்ப வேண்டிய கணக்கு தனியாக நிற்கிறது. அதை இந்த நல்ல காரியத்தில் வரவு வைத்துக் கழித்துவிடக் கூடாது.

வாங்கிய நாளில் தீவில் இருந்தவர்கள் ஆறு பேர் அளவில்தான். அதற்குப் பிறகு பழைய வீடுகளைச் செப்பனிட்டார்கள். குடும்பங்கள் வந்திருக்கின்றன, குழந்தைகளோடு. 500 பேர் ஆகிவிடவில்லை. ஆகப்போவதாகவும் யாரும் சொல்லவில்லை. துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கடல் கடந்து எங்கெங்கோ இருக்கிறார்கள். போனது போனதுதான். ஆனால் ஓர் உரிமையாளர் சரி என்றால் இருக்கலாம், வேண்டாம் என்றால் போக வேண்டும் என்ற நிலைமை அந்தத் தீவில் மாறியிருக்கிறது. யார் தங்கலாம் என்ற பேச்சில் ஊர் உட்கார்ந்திருக்கிறது.

உச்சிக்கு இன்னும் பாதை இல்லை. கீழே வீடுகளில் விளக்கு எரிய ஆரம்பித்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு மேலே ஏறத் தோன்றும், ஒருத்தி போன இடத்தில் இன்னொருத்தி போவாள். அப்புறம் அங்கே நடக்க வருகிறவர், பாதை வந்துவிட்டதே என்று சலித்துக்கொள்ளாமல் அதில் கால் வைக்கட்டும்.